போட்டுக்கிட்டே வாங்க

அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் லாத்தா ஏன் பூட்ஸைக் கழற்றினார்? ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும், மாடியில் துணி உலர்த்தும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன். அடுத்த நாள் அது எனக்கே பிடிப்பதில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. புயல், வெள்ளம் என்றால் உதவிக்குப் போகிற ஒரு சிறிய குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். அடைமழை தொடங்குவதற்கு முன், புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி வைத்து, களத்தில் இறங்கும்போது எதை அணிய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒரு நாள் சொல்லிக்கொடுப்போம். இத்தனை வருடமும் அதைச் செய்தவர் லாத்தா. இந்த முறை என்னைச் செய்யச் சொல்கிறார்கள். என் மகளுக்கு ஒன்பது மாதம். "நீ களத்துக்கு வர வேண்டாம், வந்து பேசினா போதும்" என்கிறார்கள். எனக்குப் பேசுவதுதான் பயமாக இருக்கிறது.

லாத்தா என்பது அவர் பெயர் அல்ல. நாகூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படி அழைப்பார்கள். குழுவில் எல்லோருக்கும் அவர் லாத்தாதான். அவரைவிடப் பத்து வயது மூத்த, ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயாகூட லாத்தா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் குடும்பத்துக்கு நாகூரில் ஒரு ஹார்டுவேர் கடை உண்டு. ரப்பர் பூட்ஸ், கையுறை, கயிறு, தார்ப்பாய் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு புயலுக்கு மூன்றாம் நாள், குடவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தில். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டேன். யாராக இருந்தாலும் வந்தவர் முகத்தைப் பார்த்து வாங்க என்பார்கள். அவர் என் காலைப் பார்த்தார்.

"என்னா நம்பரு?"

"போன் நம்பரா?"

"போன் நம்பர வச்சு நான் என்னா செய்ய? காலு நம்பரு."

"அஞ்சு."

"அஞ்சு, இந்தப் பூச்செருப்போட நீ வண்டிய விட்டு எறங்கக் கூடாது. எறங்கி எதயாவது மிதிச்சீன்னா உன்னத் தூக்க நாலு பேரு வேணும். இங்க இருக்கறதே பத்து பேரு."

அன்று முழுக்க வண்டியில் உட்கார்ந்து மெழுகுவத்தி கட்டு பிரித்தேன். மறுநாள் காலை எனக்கு அளவான பூட்ஸ் ஒரு ஜோடி வந்து காத்திருந்தது. அன்றிலிருந்து குழுவில் என் பெயர் அஞ்சு. எல்லோரையும் அவர் காலளவால்தான் அழைப்பார். எட்டு இங்க வா, பத்த கூப்புடு என்பார். சிலருடைய உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

காலையில் வண்டி கிளம்புவதற்கு முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, குனிந்து காலில் தொடங்கி மேலே போவார். பூட்ஸின் அடியில் ஆணி துளைக்காத தகடு இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்துவார். துப்பட்டா இருந்தால் உருவி வண்டியில் போடுவார். வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். மரம் அறுக்கிறவர்கள் கண்ணாடி போடாமல் ரம்பத்தைத் தொட முடியாது. ரத்த வகையும் வீட்டு போன் எண்ணும் எழுதிய சீட்டு, பிளாஸ்டிக் உறையில், மேல் பையில் இருக்க வேண்டும். ஜோடி ஜோடியாகத்தான் அனுப்புவார். உன் ஜோடியின் காலை நீ பார், உன் காலை அவர் பார்ப்பார் என்பது கணக்கு.

கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். "சர்க்கரை இருக்கா, வலிப்பு இருக்கா, மாத்திரை சாப்பிடறீங்களா? வெக்கப்பட்டு மறைச்சீங்கன்னா எனக்கு ஒண்ணும் போவாது."

தாசில்தார் ஐயா கையுறை போடச் சோம்பல் படுவார். "ஐயா, ஜமாபந்தி எல்லாம் முடிஞ்சு போச்சு. இங்க கையெழுத்து கேக்க யாரும் வரமாட்டாங்க. மாட்டுங்க" என்பார் லாத்தா. ஐயா சிரித்துக்கொண்டே மாட்டுவார்.

ஒருமுறை, இடிந்த வீட்டின் முன் தலையில் அடித்துக்கொண்டு அழுத பெண்ணைப் பார்த்ததும் நான் வண்டியிலிருந்து குதிக்கப் போனேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "காலு மொதல்ல. கருண அப்பறம்." அவர் காட்டிய இடத்தில் மின்கம்பி அறுந்து குட்டையில் கிடந்தது. அதில் மின்சாரம் இருந்திருக்காது என்றுதான் பிறகு சொன்னார்கள். ஆனால் எனக்கு அது அப்போது தெரியாது. அந்தக் கம்பியையே நான் பார்க்கவில்லை.

ஏன் இப்படிக் காலையே பார்க்கிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார். தாசில்தார் ஐயாவிடம், கடையில் பூட்ஸ் தேங்கிக் கிடக்கிறது என்றார். என்னிடம், கடல் ஊருக்குள் வந்த வருடம் வெறுங்காலோடு பிள்ளைகளைத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

'ஒன்பது' என்று ஒருவர் இருந்தார். துபாயில் வேலை. விடுமுறையில் வந்தவர், குடவாசல் பக்கம் அவருடைய ஊர். அந்தப் புயல் வேலையின் ஐந்தாம் நாள் நான்தான் அவருக்கு ஜோடி. கூரை சரிந்த ஒரு ஓட்டு வீட்டில், ஒரு பெரியவர் தன் பட்டாவும் சிட்டாவும் இருக்கிற டிரங்குப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார். ஒன்பது வாசலுக்குப் போனார். நிலைப்படியில் மஞ்சளும் குங்குமமும் அழியாமல் இருந்தன. அவர் சட்டென்று குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்றால் எனக்கும் அதில் எதுவும் தவறாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் நானும் என்னுடையதைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுக்குள் வேறு எப்படிப் போவது?

நாலாவது அடியில், கூரையிலிருந்து விழுந்த ரீப்பர் கட்டையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி அவர் பாதத்தில் ஏறி மேலே தெரிந்தது. விடுமுறை முடிந்த பிறகும் அவருக்குப் புண் ஆறவில்லை. துபாய் வேலை போய்விட்டது.

லாத்தா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "வயல்ல கழட்டாதேன்னு சொன்னேன். சேத்துல கழட்டாதேன்னு சொன்னேன். வாசல்ல கழட்டாதேன்னு நான் சொல்லவே இல்ல புள்ள. அத சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. நானும் வாசல்ல கழட்டற ஊருக்காரிதானே."

அடுத்த நாளிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. எந்த வீடாக இருந்தாலும் லாத்தா முதலில் வாசலுக்கு வெளியே நிற்பார். கைகூப்பி, "உங்க வீட்டுக்குள்ள பூட்ஸோட வரணும். கழட்டினா எங்க புள்ளைங்க காலு போயிடும். உங்க வாயால சொல்லுங்க, வர்றோம்" என்பார். வீட்டுக்காரர் "போட்டுக்கிட்டே வாங்க" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. அந்த இரண்டு வார்த்தை அவர் வாயிலிருந்து வராமல் எங்களில் யாரும் படி ஏறக் கூடாது. சொல்லிவிட்டால் யாரும் கழற்றக் கூடாது.

இதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். "வீடே இல்ல, வாசப்படிக்கு எங்க போறது? போட்டுக்கிட்டே வாங்க" என்று ஒரு அம்மா சொன்னது நினைவிருக்கிறது. ஒரு வீட்டில் நாங்கள் வெளியே வந்ததும், எங்கள் கண் முன்னாலேயே வாளித் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவினார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "கழுவட்டும் விடு. கழுவறதுக்கு ஒரு வாசல் மிஞ்சியிருக்குல்ல" என்றார் லாத்தா.

ஐந்து வருடம் அப்படியே நடந்தது. ஒரு வீடும் அந்த வார்த்தையைச் சொல்ல மறுக்கவில்லை.

சென்ற வருடம் ஆவணியில் கொள்ளிடத்தில் தண்ணீர் கரைமேல் வந்தது. திருப்பனந்தாளுக்கு அப்பால் கரையோரக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். உணவுப் பொட்டலம் கட்டுகிற இடத்தில்தான் இருப்பேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கமான கேள்வியை லாத்தா கேட்டபோது, ஒன்றுமில்லை லாத்தா என்று பொய் சொன்னேன். அவர் என் பூட்ஸைத் தட்டிப் பார்த்தார். வீங்கிய கால் முழுதாக உள்ளே போகாமல் நின்றிருந்தது.

"அஞ்சு ஆறாயிடுச்சே. எத்தன மாசம்?"

நான் அழுதுவிட்டேன்.

"அழுவாத. வண்டியில உக்காரு. உனக்கு இன்னிக்கு ஜோடி உன் வயித்துலயே இருக்கு. அத மட்டும் பாரு."

அதனால்தான் அன்று நடந்ததை வண்டியிலிருந்து பார்த்தேன். கரைச் சாலைக்குக் கீழே, இருபதடி தள்ளி, ஒரு மண்சுவர் வீடு. வாசலில் ஒரு மருமகள் ஈரப் புடவையோடு நின்றாள். வீட்டுக்காரப் பெரியவர் இறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருமாதி வரை அது அணையக் கூடாது என்பது இங்கே வழக்கம். கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியதும் மருமகளிடம் சொல்லி உரலைக் கவிழ்த்து அதன்மேல் விளக்கை வைக்க வைத்து, பக்கத்தில் பெஞ்சு போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார் அவருடைய மனைவி. இடுப்பு ஒடிந்த உடம்பு, தானாக எழுந்து நடக்க முடியாது. பின்சுவர் பாதி ஊறிவிட்டது.

"அத்தைய தூக்கப் போனா கத்துறாங்க. விளக்க விட்டுட்டு வரமாட்டேங்குறாங்க" என்றாள் மருமகள்.

லாத்தா வாசலில் கைகூப்பி நின்று வழக்கமானதைச் சொன்னார். உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது.

"செருப்போட யாரும் உள்ள வரக் கூடாது. அவரு இன்னும் இங்கதான் இருக்காரு."

"ஆத்தா, தண்ணிக்குள்ள கண்ணாடி, தகரம் எது கெடக்குன்னு தெரியல. செவுரு வேற நிக்காது."

"நீ எந்த ஊரு?"

"நாகூரு."

பிறகு அந்த அம்மா கேட்டார். "அவரு வருசா வருசம் கந்தூரிக்கு வருவாரு, நானும் வந்திருக்கேன். நீ தர்காவுக்குள்ள செருப்போட போவியா தாயி?"

எங்கள் ஆட்கள் இரண்டு பேர், சொன்னால் இப்போதே தூக்கி வந்துவிடுகிறோம் என்கிற மாதிரி லாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நீட்டி அவர்களை நிறுத்தினார்.

"போவ மாட்டேன் ஆத்தா."

சொல்லிவிட்டுக் குனிந்தார். ஒரு பூட்ஸ், பிறகு இன்னொன்று. இரண்டையும் படியின் பக்கத்தில் நேராக வைத்தார். மற்றவர்களிடம் திரும்பி, "எவனாவது கழட்டினா காலை ஒடிப்பேன்" என்றார். உள்ளே போனார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் இருக்கும். அந்த அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு லாத்தா வெளியே வந்தார். அந்த அம்மாவின் கையில் விளக்கு எரிந்தபடியே இருந்தது. காற்று படாமல் லாத்தாவின் தலையால் மறைத்துப் பிடித்திருந்தார். அன்று மாலைக்குள் பின்சுவர் விழுந்தது. பெஞ்சு கிடந்த இடத்தில்தான் விழுந்தது.

லாத்தா ஈரக் காலோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு இன்னும் மூன்று வீடுகளுக்குப் போனார். திரும்பும் வழியில் வண்டியில் என் எதிரில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியபோது, இடது பூட்ஸிலிருந்து தண்ணீர் மாதிரி ரத்தம் கொட்டியது. உள்ளங்காலில் நீளமான வெட்டு. அவர் அதை ஆச்சரியமாகப் பார்த்தார். அவருக்கு வலிக்கவே இல்லை.

பதினைந்து வருடமாகச் சர்க்கரை என்று ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாதத்தில் உணர்ச்சி போய் எத்தனையோ நாளாகிவிட்டதாம். ஊரில் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புண் ஆறாமல் பரவியதால் முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஏழாம் மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அங்கே பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் வழக்கம்போல என் காலைப் பார்த்தார்.

"வீக்கம் சாஸ்தியா இருக்கு. உப்பக் கொற."

"ஏன் லாத்தா கழட்டுனீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தம்மா கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல அஞ்சு. அவ்வளவுதான்." கொஞ்சம் கழித்து, "புதுசா வர்றதுங்ககிட்ட இதச் சொல்லாத. அதுங்க கழட்டிப்புடும்" என்றார்.

மார்கழியில் எனக்கு மகள் பிறந்தாள். பதினொன்றாம் நாள் லாத்தா போய்விட்டார் என்று செய்தி வந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். என்னால் போக முடியவில்லை. அந்தக் கொள்ளிடக்கரை அம்மாவை மருமகள் வாடகைக் காரில் நாகூருக்கு அழைத்துப் போனாளாம். அவர் காரை விட்டு இறங்காமல் அழுதுகொண்டிருந்தாராம்.

நான் அன்றைக்கு என்ன செய்திருக்கலாம் என்று யோசிக்கிறேன். வண்டியில் என் பக்கத்திலேயே புதுச் சாக்குகள் ஒரு கட்டு இருந்தது. யாரும் மிதிக்காத புதுச் சாக்கை பூட்ஸின் மேல் சுற்றிக் கட்டி, இதோ செருப்பு தெரியவில்லை ஆத்தா என்று கேட்டிருக்கலாம். அந்த அம்மா ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ. இது எனக்குத் தோன்றியது மறுநாள்தான். தாசில்தார் ஐயா வேறு மாதிரிச் சொல்கிறார். "பூட்ஸோட போய்த் தூக்கிட்டு வந்து, அப்புறம் கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டிருக்கலாம்மா. உசுருக்கு முன்னாடி மரியாதை என்ன?" அவர் சொல்வது சரி என்றுதான் படுகிறது. ஆனால் தன் கணவருக்கு ஏற்றிய விளக்கின் முன்னால், கத்தக் கத்த, சேற்று பூட்ஸோடு நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனால், அந்த அம்மா அதற்குப் பிறகு எப்படி இருந்திருப்பார் என்றும் தோன்றுகிறது.

லாத்தா சொன்னபடி இதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அது ஏற்கெனவே வெளியே போய்விட்டது. எங்கள் வாட்ஸப் குழுவில், லாத்தா செருப்பைக் கழற்றி ஒரு தாயின் உயிரையும் மானத்தையும் காப்பாற்றினார் என்று யாரோ எழுதி, எல்லோரும் கைகூப்பிய படம் போட்டிருக்கிறார்கள். வெட்டு, சர்க்கரை, கால் எடுத்தது எதுவும் அதில் இல்லை. அவர் மறைத்த நோயை அவர் பிள்ளைகளும் பேச விரும்பவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நர்ஸிங் படிக்கிறாள், எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, சாவு வீடு, வயசானவங்க இருக்கற வீடுன்னா பூட்ஸ கழட்டலாம்ல? லாத்தாவே கழட்டுனாங்களாமே."

நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

"ஊரான் வீட்டு வாசலப் பத்தி ஒனக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? புள்ளைக்குக் கஞ்சி ஆறுது பாரு" என்கிறார் மாமியார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் நானும் இப்போது ஒரு பெண்ணைப் பெற்றவள். அந்த நர்ஸிங் பெண்ணின் அம்மாவை எனக்குத் தெரியாது. அவர் மகளுடைய காலுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து நான்தான் பொறுப்பு.

இது மாதிரி வேலைகளில் இருப்பவர்கள், இருந்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். கழற்றவே கூடாது என்ற விதியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடட்டுமா? அது லாத்தா கேட்டுக்கொண்டது. அல்லது அவர் வார்த்தையை மீறி, அவர் பிள்ளைகளிடம் அனுமதி கேட்டு, வண்டியில் அந்தப் பூட்ஸிலிருந்து கொட்டியது வரை எல்லாவற்றையும் சொல்லட்டுமா? முழுவதும் சொன்னால் அவர்கள் பயப்படுவார்களா, அல்லது அதற்குப் பிறகும் எவளாவது ஒருத்தி ஒரு வாசலில் குனிவாளா? இருபது பேர் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.